சூரியனுக்கு விட்ட வாசல்

இலண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் நான் குளிரைப் பற்றி அதிகம் முறையிடவில்லை. குளிருக்கு யாரோ தந்த கோட் ஒன்று இருந்தது. பொறுக்க முடியாதிருந்தது இருட்டுத்தான். காலை எட்டு மணி வரை விடியாது. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் மைமல் கவிந்துவிடும். பகல் முழுவதும் ஒரு கடையின் நிலக்கீழ் அறையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்தால், கிழமைக்கணக்கில் சூரியனைக் காணாமலே இருக்கலாம். இதை எழுதியதற்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "அங்கை சூரியன் எந்தப் பக்கத்தாலை எழும்புது எண்டு பார்த்து வைச்சுக்கொள். திசை தெரியாத வீட்டிலை இருக்கக் கூடாது" என்று அம்மா எழுதியிருந்தா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிர் வரிசை வீடொன்றின் புகைபோக்கிக்கு வலப்பக்கமாகச் சூரியன் எழும்பியது. அதுதான் கிழக்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஜூன் மாதம் ஒரு நாள் வேலை முடிந்து விடியற்காலையில் வந்தபோது பார்த்தால், சூரியன் அந்தப் புகைபோக்கியை விட்டு வெகுதூரம் இடப்பக்கம் போய், ஜன்னலால் தலையை நீட்டினால் மட்டுமே தெரிகிற இடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. ஊரில் முப்பது வருடம் சூரியனைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். கிழக்கு இப்படி ஊர்ந்து திரியும் என்பது எனக்குத் தெரியாது.

இது என் கவனக்குறைவு மட்டுமல்ல, நாம் பிறந்த இடத்தின் அமைப்பும்தான். யாழ்ப்பாணத்தில் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 24 பாகையும் தெற்கே 24 பாகையும் மட்டுமே நகரும். மிகக் குறுகிய பகலுக்கும் பதினொன்றரை மணி நேரம் உண்டு. வடக்கே போகப் போக இந்த ஊசல் அகலும். இலண்டனில் அது இரு பக்கமும் 40 பாகை. அயர்லாந்தின் நடுப்பகுதியில் 42 பாகை. அங்கே டிசெம்பர் 21ஆம் திகதியளவில் பகல் ஏழரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். உதயம் நாளுக்கு நாள் தெற்கே தெற்கே போய்க்கொண்டிருப்பதைக் காணும் ஒருவனுக்கு, இது இப்படியே போய் ஒரேயடியாய் இல்லாமற் போய்விடுமோ என்ற பயம் வருவது இயல்பே. பின் சில நாட்கள் அது ஒரே இடத்தில் நிற்கும். பிறகு திரும்பும். அந்தத் திரும்பலுக்காகக் காத்திருந்த ஒரு மக்கள் கூட்டம் கட்டிய கல்வீட்டைப் பற்றியதே இக்கட்டுரை. அது யாருடைய வீடு என்ற கேள்வியும் கூடவே வரும்.

டப்ளினுக்கு வடக்கே பொய்ன் ஆறு வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில், ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டின் மேல் 'நியூகிரேஞ்ச்' இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த பெரிய வட்டக் குன்று. குறுக்களவு ஏறக்குறைய 85 மீற்றர், உயரம் 12 மீற்றருக்குச் சற்றுக் கூட. அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள் படுக்கவைக்கப்பட்டுள்ளன. தென்கிழக்குப் பக்கம் ஒரு வாசல். வாசலுக்குக் குறுக்கே, சுருள் சுருளாய்ச் செதுக்கிய கல்லொன்று கிடக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால், இருபக்கமும் நிறுத்திய கற்களுக்கிடையே உடலை ஒடுக்கி நடக்க வேண்டிய 19 மீற்றர் நீளமான வழி. முடிவில் ஓர் அறையும் மூன்று மாடங்களும். அறையின் கூரை, கல்லின் மேல் கல்லைச் சற்றே உள்நோக்கித் தள்ளித் தள்ளி அடுக்கி, 6 மீற்றர் உயரத்தில் ஒரே கல்லால் மூடப்பட்டது. சாந்து கிடையாது. மழைநீர் வழிந்தோடக் கூரைக் கற்களின் மேற்புறத்தில் தவாளிப்பு வெட்டியிருக்கிறார்கள். கல்லிடுக்குகளை எரிந்த மண்ணும் கடல் மணலும் கொண்டு அடைத்திருக்கிறார்கள். அந்த எரிந்த மண்ணிலிருந்த கரியைக் கொண்டே காலம் கணிக்கப்பட்டது. ஏறக்குறைய கி.மு. 3200. அதாவது எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கும், இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்சில் இன்று நாம் காணும் பெருங்கற்கள் நிறுத்தப்பட்டதற்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியது. மழை ஓயாத அந்த நாட்டில் அந்தக் கூரை இன்றுவரை ஒழுகவில்லை.

இதைக் கட்டியவர்களிடம் உலோகம் இல்லை, சில்லு வண்டி இல்லை, எழுத்து இல்லை. கோதுமையும் பார்லியும் விதைத்து, மாடு வளர்த்து வாழ்ந்த கமக்காரர். முகப்பின் வெண்ணிறப் பளிங்குக்கற்களைத் தெற்கே விக்லோ மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய இடத்தின் உள்ளே அகழ்வில் கிடைத்தவை, எரித்தும் எரிக்காமலும் வைத்த சிலரின் எலும்புகள், குறைந்தது ஐந்து பேருடையவை. அதனால் இதைச் 'சமாதி' என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்தச் சொல் போதாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த இடம் வெளியுலகுக்குத் தெரியவந்த கதை நம்மவர் கவனிக்க வேண்டியது. 1690இல் இதே பொய்ன் ஆற்றங்கரையில், இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், இரண்டு அரசர்கள் இங்கிலாந்தின் முடிக்காகச் சண்டையிட்டார்கள். கத்தோலிக்கரான ஜேம்ஸ் தோற்றார். வென்ற வில்லியத்தின் பக்கம் நின்றவர்களுக்கு, தோற்றவர்களின் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அப்படி வந்து குடியேறிய சார்ள்ஸ் கம்பெல் என்ற நிலக்கிழார் 1699இல் தெருப்போடக் கல் வேண்டுமென்று, தன் காணியிலிருந்த கற்குன்றை உடைத்துவரக் கூலியாட்களை அனுப்பினார். கல்லை இழுக்க இழுக்க வாசல் தெரிந்தது. நாலாயிரம் வருடங்களுக்கு மேலாகச் சரிந்த கற்களின் கீழ் மூடிக்கிடந்த வாசல் அது.

'நியூகிரேஞ்ச்' என்பதும் அதன் பெயரல்ல. அது 'புதுப் பண்ணை' என்றுதான் பொருள்படும். 1142இல் தொடங்கிய மெலிஃபொன்ற் மடத்துத் துறவிகளின் விளைநிலங்களில் ஒன்றாக அந்த இடம் ஆனபோது வந்த பெயர். பழைய ஐரிஷ் ஏடுகளில் பொய்ன் கரையின் இந்தத் தலத்துக்கு 'புரூ ந போன்யே' என்று பெயர். பொய்ன் ஆற்றின் மாளிகை என்று சொல்லலாம். அங்கே குடியிருந்தவர்கள் தெய்வங்கள். இப்படி மாளிகை பண்ணையாகி, பண்ணை கல் உடைக்கும் இடமாகிய வேளையில்தான் அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் கேட்ட முதற் கேள்வி, இதை யார் கட்டியிருப்பார்கள் என்பது. 1699இலேயே வந்து பார்த்து விபரம் எழுதிய எட்வேர்ட் லூயிட் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர் நிதானமானவர். குன்றின் உச்சியருகே உரோமப் பொற்காசு ஒன்று கிடைத்ததை வைத்து, அது டேனிஷ்காரர் வந்த காலத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். பின்வந்தவர்களுக்கு அந்த நிதானம் இருக்கவில்லை. டப்ளினில் மருத்துவப் பேராசிரியராயிருந்த தோமஸ் மொலினூ 1726இல் இவை டேனிஷ்காரர் எழுப்பிய குன்றுகள் என்று எழுதினார். சார்ள்ஸ் வலன்சி என்ற இராணுவப் பொறியியலாளர் பினீசியரைக் கொண்டுவந்தார். அயர்லாந்தின் பழைய வரலாற்றைச் சமஸ்கிருத நூல்களிலிருந்து நிறுவுவதாக 1797இல் நூலே வெளியிட்டார். எகிப்தியரும் வந்தார்கள், இந்தியரும் வந்தார்கள். ஓலைக் கூரைக் குடிசையில் உருளைக்கிழங்கு தின்று வாழும், இங்கிலீஷ் தெரியாத இந்த நாட்டுக் குடியானவனின் முன்னோர் கட்டியிருக்கலாம் என்பது மட்டும் பலருக்குத் தோன்றவில்லை. குடியேற்ற நாடுகளில் எல்லாம் நடந்த கதைதான். பெரியதொன்று கண்ணில் பட்டால், அதைக் கட்டியவன் கடல் கடந்து வந்தவனாகவே இருக்க வேண்டும்.

அந்தக் குடியானவர்களிடம் ஒரு கதை இருந்தது. வருடத்தில் ஏதோ ஒரு நாள், உதிக்கும் சூரியனின் ஒளி உள்ளே போய், கடைசி மாடத்திலுள்ள மூன்று சுருள் கொண்ட கல்லில் படும் என்பது அது. எந்த நாள் என்று சொல்ல ஆளில்லை. நான் கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை.

1962இல் கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் பேராசிரியர் மைக்கல் ஓகெலி அங்கே அகழத் தொடங்கினார். அவருடைய மனைவி கிளெயரும் தொல்லியலாளர். கற்களிலுள்ள செதுக்கல்களை ஆராய்ந்து பதிந்தவர். அயலவர்களும் வந்து பார்த்துப் போனவர்களும் இந்தச் சூரியக் கதையை ஓகெலிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஸ்ரோன்ஹெஞ்சில் நெடும்பகல் நாளன்று சூரியன் உதிப்பதைப் பற்றிய பேச்சை இந்தச் சனம் இங்கே மாற்றி ஒட்டிவிட்டது என்றே அவர் முதலில் எண்ணினார். அப்படி எண்ணுவதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் 1963இல் வாசலுக்கு மேலே சரிந்து கிடந்த கற்களை அகற்றியபோது, கல்லால் செய்த ஒரு பெட்டி போன்ற அமைப்பு வெளிப்பட்டது. அதன் மேற்கல்லின் விளிம்பில் வரிசையாகக் குறுக்குச் சதுரங்கள் செதுக்கப்பட்டிருந்தன. வாசல் இருக்க, வாசலுக்கு மேல் இன்னொரு துவாரம் எதற்கு?

ஓகெலி தன் ஐயத்தை ஒதுக்கிவிட்டு யோசித்தார். வழி தென்கிழக்கை நோக்குகிறது. நெடும்பகல் நாளில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும். அந்த ஒளி இங்கே வர முடியாது. தென்கிழக்கில் உதிப்பது குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில். 1967 டிசெம்பர் 21 அன்று விடியுமுன் அவர் தனியே போய் அந்த இருண்ட அறையில் நின்றார். ஒளி வந்தது. 1969இல் அதே நாளில் நேரங்களைத் துல்லியமாகப் பதிந்தார். காலை 8.54க்கு எதிர்க்கரைக் குன்றின் மேல் சூரியனின் விளிம்பு தெரிந்தது. 8.58க்கு முதற் கதிர் பெட்டி வழியே புகுந்து, வழி நெடுக ஓடி, அறையின் தரையைக் கடந்து கடைசி மாடத்தின் கற்றட்டம் வரை போனது. அகன்று 17 சென்ரிமீற்றர் பட்டையாகியது. அறை முழுவதும் தெரியுமளவுக்கு வெளிச்சம். பின் ஒடுங்கி, 9.15க்கு அற்றுப்போனது. பதினேழு நிமிடம்.

இதன் பொறிமுறை எளிமையானது, ஆனால் யோசித்துச் செய்தது. வழியின் தரை உள்ளே போகப் போக ஏறுகிறது. அறையின் தரை வாசற்படியை விட ஏறக்குறைய 2 மீற்றர் உயரம். ஆகவே வாசலால் நுழையும் ஒளி பாதிவழியில் தரையில் முட்டி நின்றுவிடும். வாசலுக்கு மேலுள்ள பெட்டியின் அடிமட்டமோ அறைத் தரையின் மட்டத்துக்குச் சரியாக வருகிறது. அதனால் அடிவானத்திலிருந்து தட்டையாக வரும் கதிர் மட்டும் பெட்டியால் புகுந்து கடைசிவரை போகும். இன்னுமொரு விபரம்: அந்தத் துவாரத்தை மூட இரண்டு பளிங்குக்கற்கள் வைத்திருந்தார்கள். அவற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துத் தள்ளியதால் உண்டான கீறல்களை ஓகெலி அங்கே கண்டார். கீழேயுள்ள வாசலை ஒரு பெருங்கல்லால் அடைத்துவிடும் ஏற்பாடும் இருந்தது. ஆக, உள்ளே எலும்புகளை வைத்து ஆட்களுக்கான வழியை அடைத்த பிறகும் சூரியனுக்கான வழியைத் திறந்து மூடியிருக்கிறார்கள். சமாதி என்ற சொல் போதாது என்றது இதனால்தான்.

இங்கே நம்மில் பலருக்கு வரக்கூடிய உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். கல்லும் வானமும் சேர்ந்த இடத்தில் கற்பனை விரைவாக முளைக்கும். ஸ்ரோன்ஹெஞ்சின் அச்சு நெடும்பகல் உதயத்தை நோக்குகிறது என்று வில்லியம் ஸ்ரக்லி 1740இலேயே எழுதினார், அது நிலைத்தது. ஆனால் 1963இல் ஜெரால்ட் ஹோக்கின்ஸ் என்ற வானியலாளர் அதே கற்களின் இடைவெளிகளைக் கணினியில் போட்டு, சூரியனுக்கும் சந்திரனுக்கும் பல நேர்கோடுகளைக் கண்டார். அதைக் கிரகணம் கணிக்கும் கருவி என்று சொல்லும் வரை போனார். அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் றிச்சர்ட் அற்கின்சன் 1966இல் அதைக் கடுமையாக மறுத்தார். மறுப்பின் சாரம் இலகுவானது. போதியளவு கற்களும், வானத்தில் போதியளவு புள்ளிகளும் இருந்தால், ஏதாவது ஒரு கோடு ஏதாவது ஒரு புள்ளியில் போய் முட்டத்தான் செய்யும். ஒரு கோடு வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்பதைக் காட்ட வேறு சான்று வேண்டும்.

நியூகிரேஞ்சுக்கும் இதே கேள்வி எழுந்தது. 1974இலும் 1989இலும் 'நேச்சர்' இதழில் வந்த அளவீடுகள் அதற்கு விடை தந்தன. இரண்டாவதைச் செய்த வானியலாளர் தொம் றே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சூரியன் எங்கே உதித்திருக்கும் என்று கணித்தார். பூமியின் அச்சுச் சாய்வு அன்று இன்றைவிட அரைப் பாகைக்குச் சற்றுக் கூட இருந்தது. அதனால் குளிர்கால உதயம் இன்னும் ஒரு பாகைக்கு மேல் தெற்கே தள்ளி நிகழ்ந்திருக்கும். இன்று சூரியன் தெரிந்து நாலு நிமிடம் கழித்து உள்ளே வரும் ஒளி, அன்று உதிக்கும்போதே வந்திருக்கும். இன்று போவதை விட உள்ளே, கடைசிச் சுவர் வரை போயிருக்கும். தற்செயலாய் அமைந்த துவாரம் ஒன்று, கட்டிய காலத்துக்குச் சரியாகவும் பின் பிசகியும் இருப்பது எளிதல்ல. மீளக் கட்டியபோது இந்த அமைப்பு எவ்வளவு மாறியது என்ற வாதம் பின்னாளிலும் எழுந்தது. முகப்பின் வெண்கல் மதில் ஓகெலியின் ஊகத்தின்படி கொங்கிறீற்றால் தாங்கி நிறுத்தியது என்பதும், அதைப் பலர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வழியின் போக்கும் தரையின் ஏற்றமும் பழையவை.

வானத்தின் இந்த மெல்லிய நகர்வு நமக்கும் அந்நியமல்ல. தை முதலாம் திகதியே உத்தராயணத்தின் தொடக்கம் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசெம்பர் 21, 22இல். நமது பஞ்சாங்கம் வருடத்தை நட்சத்திரங்களை வைத்து எண்ணுவதாலும், பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதாலும், ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் இந்த இடைவெளி வளர்ந்து இன்று 24 நாளளவாகிவிட்டது. ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன. நாம் பொங்குவது பழைய காலத்துச் சூரியனுக்கு. நியூகிரேஞ்சின் ஒளியும் அப்படியே சற்றுப் பிந்தி வருகிறது.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். இது யாருடையது? டேனிஷ்காரர், பினீசியர், இந்தியர் எல்லாரையும் கரியின் கணிப்பு தள்ளிவிட்டது. அப்படியானால் ஏளனம் செய்யப்பட்ட ஐரிஷ் குடியானவனின் முன்னோர்தானே கட்டினார்கள் என்று நாம் மகிழத் தயாராகும் வேளையில், மரபணு ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. 2015 இறுதியில் டப்ளின் டிரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் பெல்பாஸ்ற்றுக்கு அருகே ஐயாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் மரபணுவை வெளியிட்டார்கள். நியூகிரேஞ்சைக் கட்டியவர்களின் காலத்தவள். கறுத்த தலைமயிர், மண்ணிறக் கண். அவளுடைய மூதாதையரின் பெரும்பகுதி அண்மைக் கிழக்கிலிருந்து கமம் செய்துகொண்டு தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்தவர்கள். அவளுக்கு ஆயிரம் வருடம் பிந்திய வெண்கலக்கால மனிதர் மூவரின் மரபணுவோ வேறு. கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து பரவிய மக்களின் பெரும் கலப்பு அதில் இருந்தது. இன்றைய அயர்லாந்துக்காரர் அதிகம் ஒத்திருப்பது இவர்களையே. கட்டியவர்களின் மொழி என்னவென்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஐரிஷ் மொழி அவர்களுக்குப் பின் வந்தது.

அப்படியானால் அந்தக் கதை எப்படி வந்தது? பழைய ஐரிஷ் ஏடுகளில் இந்த மாளிகையின் தெய்வமான டக்டா, பொய்ன் ஆற்றின் தெய்வத்தோடு கூடி மகனைப் பெறுவதற்காகச் சூரியனை நிறுத்தி, ஒன்பது மாதத்தை ஒரே பகலாக்கிவிடுகிறான். பக்கத்துக் குன்றான டவுத் பற்றிய கதையில், அரசன் ஒருவன் வானம் வரை கோபுரம் கட்ட முனைகிறான். வேலை முடியும் வரை பகல் முடியாதிருக்க அவன் தங்கை மந்திரத்தால் சூரியனை நிறுத்துகிறாள். அண்ணன் அவளைத் தகாத முறையில் சேர, மந்திரம் கெட்டு இருள் கவிகிறது. டவுத்தின் தெற்கு அறைக்குள் குறும்பகல் நாளின் மறையும் சூரியன் புகுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020இல் நியூகிரேஞ்சின் உள்ளறையில் கிடைத்த ஓர் ஆணின் எலும்பை ஆராய்ந்தபோது, அவன் மிக நெருங்கிய இரத்த உறவினருக்கு, அதாவது உடன்பிறந்தோருக்கோ பெற்றாருக்கும் பிள்ளைக்குமோ பிறந்தவன் என்று தெரிந்தது. இது ஓர் அரச வம்சத்தின் வழக்கம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். ஓர் எலும்புத்துண்டை வைத்து அரசனையும் வம்சத்தையும் உண்டாக்க முடியாது என்று 2025இல் வெளிவந்த மறு ஆய்வு வாதிட்டது. அந்த எச்சரிக்கை சரியானதே.

ஐயாயிரம் வருடம் வாய்மொழியாக ஒரு செய்தி வந்தது என்று அடித்துச் சொல்ல நானும் துணியமாட்டேன். ஓகெலியின் காலத்துக்கு முன்பே வானியலாளர் நோர்மன் லொக்கியர் இதன் திசையைக் கவனித்திருந்தார். 1699க்குப் பின் வாசல் திறந்து கிடந்ததால், குளிர்கால வெய்யில் பாதிவழி வரை போவதை யாரோ கண்டிருக்கவும் கூடும். ஆனால் ஒன்று உறுதி. நாலாம் நூற்றாண்டிலும் யாரோ இங்கே வந்து உரோமப் பொற்காசைக் காணிக்கை வைத்தார்கள். கட்டியவர்களின் பிள்ளைகள் அல்லாத, அவர்களின் மொழி தெரியாத மக்கள், இது சாதாரண மேடு அல்ல என்று எண்ணி, சூரியனோடு சம்பந்தப்பட்டது என்று கதை சொல்லி வைத்திருந்தார்கள். கதையின் நாள் தவறிப்போயிருந்தது, திசை தவறவில்லை. அதை நம்பாதவர் ஒருவர் அதைக் கேலி செய்து விடாமல், ஒரு குளிர்கால விடியலில் போய் இருட்டில் நின்று பார்த்தார். ஓகெலியிடம் நான் மதிப்பது இதைத்தான்.

எங்கள் நாட்டில் மண்ணைத் தோண்டுவது பெரும்பாலும் காணி உறுதி தேடும் வேலையாகவே நடந்து வந்திருக்கிறது. கந்தரோடையின் சின்னத் தூபிகளைப் பார்த்து, இவை எவருடையவை என்று இரு பக்கமும் கேட்பது, இங்கே யார் இருக்கலாம் என்று தீர்ப்பதற்காக. அதிகாரம் உள்ளவன் கேட்கும்போது அந்தக் கேள்வியால் வேலி போடப்படுகிறது, குடும்பங்கள் வெளியேறுகின்றன. ஆகவே நாமும் பதிலுக்குப் பழமை தேடி ஓடுகிறோம். அந்த ஓட்டத்தின் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நியூகிரேஞ்சில் நின்றபோது, ஒரு மக்களுக்குத் தங்கள் நிலத்தில் வாழும் உரிமை ஐயாயிரம் வருட இரத்தத்தில் தங்கியிருந்தால் உலகில் எவருக்கும் எங்கும் இடமில்லை என்று எனக்குப் பட்டது. அந்தக் குன்றைக் கட்டியவர்களும் வந்தவர்கள்தான்.

நான் அங்கே போனது சில வருடங்களுக்கு முன், ஒரு சாதாரண நாளில். குளிர்கால விடியலில் உள்ளே நிற்க விண்ணப்பித்தவர்களில் சிலரைத் திருவுளச்சீட்டு மூலம் தெரிவு செய்கிறார்கள், எனக்கு விழவில்லை. மற்ற நாட்களில் வழிகாட்டி எல்லோரையும் உள்ளே அழைத்துப் போய் விளக்கை அணைத்துவிட்டு, மின்விளக்கால் அந்த ஒளியைச் செய்து காட்டுவார். செயற்கை என்று தெரிந்தும், அந்த மஞ்சள் பட்டை தரையில் ஊர்ந்து வந்தபோது பேச்சு நின்றது. பக்கத்தில் நின்ற வயோதிபப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்ததும் மன்னிப்புக் கேட்டாள்.

அப்போது அம்மா பொங்கல் பானை வைக்கிற இடம் நினைவுக்கு வந்தது. முற்றத்தின் நடுவில் வைக்கமாட்டா. குசினிச் சுவருக்கும் வேம்புக்கும் இடைப்பட்ட ஒரு மூலையில், முதல்நாள் விடியவே வந்து நின்று பார்த்து, காற்பெருவிரலால் மண்ணில் கீறிவிட்டுப் போவா. ஏன் அந்த இடம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா போய்விட்டா. அந்த வளவில் இப்போது வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, எங்களுக்கு உறவல்ல. போன வருடம் ஊருக்குப் போய்வந்த மச்சாள் அவர்களைச் சந்தித்துக் கதைத்திருக்கிறா. தைப்பொங்கலுக்கு அவர்களும் வேம்படி மூலையில்தான் பானை வைக்கிறார்களாம். யாரும் சொல்லித் தந்தார்களா என்று மச்சாள் கேட்டதற்கு, "இல்லை அக்கா, அதிலைதான் வெய்யில் முதல் விழுது" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னாளாம்.